பழைய கணினியில் லினக்ஸ் மின்ட் நிறுவல் பாதியில் நின்றால்: முழுமையான வழிகாட்டி

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. கோர் 2 டூயோ, முதல் தலைமுறை ஐ3 போன்ற பழைய சிப் உள்ள கணினிகளுக்கு விண்டோஸ் 11 வழி விடாது. அதன் 24ஹெச்2 பதிப்பு, எஸ்எஸ்இ 4.2, பாப்கவுண்ட் என்ற சிப் கட்டளைகள் இருந்தால்தான் பூட் ஆகும். கோர் 2 டூயோவில் அவை இரண்டும் இல்லை, அங்கே எந்தக் குறுக்கு வழியும் பலிக்காது. அதனால் பலரும் இப்போது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் பக்கம் வருகிறார்கள். நிறுவல் பாதியில் நின்றுவிட்டால் "கணினி பழசாகிவிட்டது" என்று முடிவுகட்டி ஓரம் வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலான நேரங்களில் அந்த முடிவு தவறு. நிறுவல் நிற்பதற்கான காரணங்கள் எண்ணக்கூடிய அளவுதான். ஒழுங்காக ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தால் காரணம் பிடிபட்டுவிடும்.

இங்கே சொல்வது லினக்ஸ் மின்ட் 22 வரிசையின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பை மனதில் வைத்து. உபுண்டு என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட மற்றவற்றுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. அந்த டிஸ்கில் படங்களோ கணக்குகளோ இருந்தால், வேறு எதையும் தொடுவதற்கு முன் அவற்றை வெளியே எடுங்கள். பென் டிரைவிலிருந்து லைவாக, அதாவது டிஸ்கில் நிறுவாமலேயே, மின்ட் பூட் ஆகிறது என்றால், பழைய பார்ட்டிஷனை (டிஸ்கின் பிரிவை) திறந்து வெளி டிஸ்குக்குக் காப்பி செய்யலாம். டிஸ்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் அந்தக் காப்பியை இன்றே எடுங்கள், மற்ற சோதனைகள் பிறகு.

எங்கே நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள்

திரையில் வந்த செய்தியை போனில் படம் பிடியுங்கள். "ஏதோ எரர் வந்தது" என்பதை வைத்து யாராலும் உதவ முடியாது. நிறுவலின் மொழியாக ஆங்கிலத்தையே தேர்ந்தெடுங்கள். பிழைச் செய்தியை அப்படியே தேடினால்தான் தீர்வுகள் கிடைக்கும். மின்டைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளப் பிறகு நேரம் இருக்கிறது.

நிற்கும் இடத்தை வைத்துக் காரணத்தை இப்படிப் பிரிக்கலாம்:

- பென் டிரைவிலிருந்து பூட்டே ஆகவில்லை, கோடு மட்டும் மினுக்குகிறது: பென் டிரைவ் எழுதிய விதம், பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அமைப்பு.
- மெனு வருகிறது, பிறகு திரை இருட்டாகிவிடுகிறது: கிராஃபிக்ஸ்.
- "இனிட்ராம்எஃப்எஸ்" என்று எழுதி எழுத்துத் திரையில் நிற்கிறது: பென் டிரைவ், யூஎஸ்பி போர்ட்.
- லைவ் நன்றாக ஓடுகிறது, டிஸ்க் மட்டும் தெரியவில்லை: சாட்டா (டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் வழி) அமைப்பு, ரெய்டு (பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்க்கும் முறை) மிச்சம், கேபிள்.
- கோப்புகள் காப்பியாகும்போது நிற்கிறது: ரேம், டிஸ்க், பென் டிரைவ், சூடு.
- கடைசிக் கட்டத்தில் "க்ரப் இன்ஸ்டால்" தோல்வி (க்ரப் என்பது மின்டைப் பூட் செய்யும் சிறு நிரல்): பார்ட்டிஷன் டேபிளும் (டிஸ்கின் பிரிவுப் பட்டியல்) பூட் முறையும் ஒத்துப்போகவில்லை.
- எல்லாம் முடிந்தது, மறுபடி போட்டால் வரவில்லை: க்ரப் வேறு டிஸ்குக்குப் போய்விட்டது, அல்லது பயாஸ் அதைக் கண்டுகொள்ளவில்லை.

இன்னொரு சோதனையும் செய்யுங்கள். ஒன்றையும் மாற்றாமல் இரண்டாம் முறை முயன்று பாருங்கள். இரண்டு முறையும் ஒரே இடத்தில், ஒரே கோப்பில் நின்றால் பென் டிரைவோ டிஸ்கோ கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். முதல் முறை 30 சதவீதத்திலும் அடுத்த முறை 70 சதவீதத்திலும் நின்றால் ரேம், சூடு, மின்சாரம் ஆகிய மூன்றையும் சந்தேகப்படுங்கள். எதையும் திறப்பதற்கு முன்பே பாதி வேலையை இந்தச் சோதனை முடித்துவிடும்.

சிப் 64-பிட் தானா?

மின்ட் 22 64-பிட் சிப்பில் மட்டுமே ஓடும். கோர் 2 டூயோ 64-பிட். 2008-இல் வந்த நெட்புக்குகளின் ஆட்டம் என்270, அதற்கும் முந்தைய பென்டியம் எம் ஆகியவை 32-பிட். அவற்றில் "இந்தக் கெர்னலுக்கு எக்ஸ்86-64 சிப் வேண்டும், இருப்பது ஐ686" என்ற பொருளில் ஆங்கிலச் செய்தி வந்து நின்றுவிடும் (கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி). அதற்குமேல் முயல்வது வீண். 32-பிட் கணினிக்கு டெபியன் 12 என்ற லினக்ஸ் சரியான தேர்வு. டெபியன் 13-இல் 32-பிட் கணினிக்கான நிறுவியே கிடையாது.

ரேம் குறைந்தது 2 ஜிபி, வசதியாக ஓட 4 ஜிபி. டிஸ்கில் குறைந்தது 20 ஜிபி இடம். 2 ஜிபி மட்டும் இருந்தால் நிறுவும்போது பிரவுசரைத் திறக்காதீர்கள். லைவில் ஜிபார்ட்டட் என்ற டிஸ்க் பிரிக்கும் மென்பொருளைத் திறந்து 2 ஜிபி அளவுக்கு ஒரு ஸ்வாப் (ரேமுக்குத் துணையான டிஸ்க் இடம்) பார்ட்டிஷன் உருவாக்கி, அதன்மேல் வலது சொடுக்கி "ஸ்வாப்ஆன்" கொடுத்தால் நிறுவி மூச்சுத் திணறாது. பிறகு நிறுவியில் அந்தப் பார்ட்டிஷனை அழிக்காமல் அப்படியே ஸ்வாப்பாகப் பயன்படுத்துங்கள்.

பென் டிரைவ்: எல்லோரும் அவசரப்படும் இடம்

மின்டின் நிறுவல் கோப்பான ஐஎஸ்ஓ கிட்டத்தட்ட 3 ஜிபி. டவுன்லோடு நடுவே நெட் அறுந்து மீண்டும் தொடங்கியிருந்தால் கோப்பில் பழுது இருக்கலாம். பார்த்தால் அளவு சரியாக இருக்கும், உள்ளே ஒரு துண்டு கெட்டிருக்கும். அதனால் எஸ்ஹெச்ஏ-256 செக்சமை (கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று காட்டும் எழுத்துக் கோவையை) கட்டாயம் ஒப்பிடுங்கள். விண்டோஸில் 7-ஜிப் இருந்தால் கோப்பின்மேல் வலது சொடுக்கி, செக்சம் பகுதியில் எஸ்ஹெச்ஏ-256-ஐத் தேர்ந்தெடுங்கள். ஐஎஸ்ஓவைப் பென் டிரைவில் எழுதும் மென்பொருளான ரூஃபஸில், ஐஎஸ்ஓ தேர்ந்தெடுக்கும் பொத்தானுக்குப் பக்கத்தில் உள்ள டிக் குறியை அழுத்தினாலும் கணக்கிட்டுக் காட்டும். மின்ட் தளத்தில் தரப்பட்டுள்ள 64 எழுத்துகளோடு அது ஒன்றுகூட மாறாமல் பொருந்த வேண்டும்.

பென் டிரைவ் 8 ஜிபி போதும். சந்தையில் குறைந்த விலைக்கு விற்கும் போலி டிரைவ்களில் 64 ஜிபி என்று எழுதியிருக்கும், உள்ளே உண்மையில் சில ஜிபி மட்டுமே இருக்கும். அந்த எல்லை தாண்டி எழுதியது எல்லாம் குப்பையாகிவிடும். சந்தேகம் இருந்தால் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சிறு மென்பொருளால் முழுக்க எழுதிப் படித்துச் சோதியுங்கள்.

ரூஃபஸில் எழுதும்போது பார்ட்டிஷன் முறையாக எம்பிஆர் தேர்ந்தெடுங்கள். தொடங்கும் முன் ஐஎஸ்ஓ முறையா டிடி முறையா என்று கேட்கும். ஐஎஸ்ஓ முறையில் எழுதியது பழைய பயாஸில் பூட் ஆகாவிட்டால் டிடி முறையில் மறுபடி எழுதிப் பாருங்கள். பல ஐஎஸ்ஓக்களை ஒரே டிரைவில் போடும் வென்டாய் போன்றவை அன்றாட வேலைக்கு அருமையானவை. ஆனால் கோளாறைக் கண்டுபிடிக்கும் வரை அவற்றை ஒதுக்கிவைத்து, ஒரே ஒரு ஐஎஸ்ஓவை நேரடியாக எழுதிய டிரைவோடு சோதியுங்கள். காரணப் பட்டியலில் ஒன்று குறையும்.

செருகும் போர்ட்டும் முக்கியம். டெஸ்க்டாப்பில் முன்பக்கப் போர்ட், ஹப் இரண்டையும் தவிர்த்து, பின்னால் மதர்போர்டிலேயே இருக்கும் யூஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகுங்கள். நீல நிற யூஎஸ்பி 3.0 போர்ட்டுகள் தனிச் சிப்பில் ஓடும் பழைய போர்டுகளில், மெனு வரை வரும், பிறகு டிரைவைக் காணாமல் "இனிட்ராம்எஃப்எஸ்" திரையில் நின்றுவிடும். போர்ட் மாற்றினால் மட்டுமே போதும்.

பூட் மெனுவுக்கான கீ டெல், லெனோவா, ஏசர் கணினிகளில் பெரும்பாலும் எஃப்12. ஹெச்பியில் எஃப்9, ஆசுஸ் லேப்டாப்பில் எஸ்கேப், ஆசுஸ் டெஸ்க்டாப் போர்டில் எஃப்8, எம்எஸ்ஐயில் எஃப்11, இன்டெல் போர்டில் எஃப்10. ஏசரில் பயாஸுக்குள் போய் எஃப்12 மெனுவை முதலில் எனேபிள் செய்ய வேண்டியிருக்கும். சில பழைய பயாஸ்களில் பென் டிரைவ் "ரிமூவபிள்" பட்டியலில் வராமல் ஹார்ட் டிஸ்க் வரிசைக்குள் இரண்டாவதாக ஒளிந்திருக்கும். "ஹார்ட் டிஸ்க் பூட் ப்ரயாரிட்டி" என்ற உள்மெனுவைத் திறந்து அதை மேலே ஏற்றுங்கள். எதற்கும் மசியாத கணினியில் டிவிடி டிரைவ் நல்ல நிலையில் இருந்தால், ஐஎஸ்ஓவை டிவிடியில் குறைந்த வேகத்தில் எரித்துப் பாருங்கள்.

பயாஸ் பேட்டரியும் தேதியும்

பயாஸில் தேதி 2009 என்றோ 2012 என்றோ காட்டினால், மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி செத்துவிட்டது. புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேலேயே காட்டும். மல்ட்டிமீட்டரில் 2.7-க்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள். தேதி தவறினால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தெரியும், ஆன்லைன் அப்டேட்கள் தோற்கும். இதைவிட மோசமான விளைவு ஒன்று உண்டு. ஒவ்வொரு முறை மின்சாரம் போகும்போதும் பயாஸ் பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். நேற்று நீங்கள் மாற்றிய சாட்டா முறையும் பூட் வரிசையும் இன்று இருக்காது. காரணம் தெரியாமல் நாள்கணக்கில் அலைய வைக்கும் கோளாறு இது. மலிவான ஒரு பேட்டரியில் தீர்ந்துவிடும்.

திரை இருட்டானால்

மின்ட் மெனுவில் "கம்பாட்டிபிலிட்டி மோடு" என்று ஒரு வரி இருக்கும். முதலில் அதைத் தேர்ந்தெடுங்கள். அதிலும் வராவிட்டால், மெனுவில் முதல் வரியின்மேல் நின்றுகொண்டு, பயாஸ் வழிப் பூட் என்றால் டேப் கீயையும், பயாஸின் புதிய வடிவமான யூஇஎஃப்ஐ வழி என்றால் ஆங்கில "ஈ" (e) எழுத்தையும் அழுத்துங்கள். கெர்னல் வரியின் கடைசியில் "க்வயட் ஸ்பிளாஷ்" (quiet splash) என்ற இரண்டு சொற்கள் இருக்கும். அவற்றை நீக்கி அதே இடத்தில் "நோமோட்செட்" (nomodeset) என்பதை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக அடியுங்கள். பயாஸில் என்டர், யூஇஎஃப்ஐயில் எஃப்10.

இது கிராஃபிக்ஸ் சிப்பைச் சீக்கிரம் தட்டி எழுப்ப வேண்டாம் என்று கெர்னலுக்குச் சொல்வது. பழைய என்விடியா சிப்களில் பெரும்பாலும் பலன் தரும். நிறுவி முடித்த முதல் பூட்டிலும் இதே வேலையைச் செய்ய வேண்டியிருக்கலாம். அப்போது க்ரப் மெனுவை வரவழைக்க, பயாஸ் கணினியில் ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடியுங்கள், யூஇஎஃப்ஐ என்றால் எஸ்கேப்பைத் தட்டுங்கள். பழைய ஜிஃபோர்ஸ் அட்டைகளுக்கான என்விடியாவின் சொந்த டிரைவரைத் தேடி அலைய வேண்டாம். அந்த வரிசைகள் புதிய கெர்னல்களுக்கு ஆதரவு இழந்துவிட்டன. கெர்னலோடு வரும் நூவோ டிரைவரே போதும். இன்டெல் கிராஃபிக்ஸ் உள்ள கணினியில் நோமோட்செட்டை நிரந்தரமாக வைத்துக்கொள்ளாதீர்கள். திரைத் துல்லியம் குறைந்து, வீடியோ திக்கும்.

காப்பியாகும்போது நின்றால்

இதுதான் அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம். "எர்நோ 5, இன்புட்/அவுட்புட் எரர்" என்ற செய்தியோடு நிறுவி நிற்கும். செய்தியே பென் டிரைவ், டிஸ்க், சூடு என்று மூன்றையும் சந்தேகிக்கச் சொல்லும். நாங்கள் சொல்லும் வரிசை இது: ரேம், டிஸ்க், சூடு.

ரேம் முதலில் வரக் காரணம் உண்டு. ஐஎஸ்ஓவுக்குள் எல்லாக் கோப்புகளும் அழுத்திச் சுருக்கப்பட்டிருக்கின்றன. நிறுவும்போது ஒவ்வொன்றும் ரேமில் விரிந்துதான் டிஸ்குக்குப் போகிறது. ரேமில் ஒரு பிட் புரண்டாலும் அந்தக் கோப்பு கெட்டுவிடும். விண்டோஸ் இத்தனை நாள் ஓடியதே என்று கேட்கலாம். கெட்ட பகுதியை அது அரிதாகத் தொட்டிருக்கும், எப்போதாவது நீலத் திரை காட்டியிருக்கும், அவ்வளவுதான்.

மின்ட் மெனுவிலேயே "மெமரி டெஸ்ட்" இருக்கிறது. ஒரு பாஸ், அதாவது ஒரு சுற்று, முழுதாக முடியும் வரை விடுங்கள், இரவு முழுக்க ஓடினால் இன்னும் நல்லது. ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் ரேம் தேறவில்லை. உடனே தூக்கி எறிய வேண்டாம். கணினியை அணைத்து, பவர் கேபிளையும் லேப்டாப் பேட்டரியையும் கழற்றி, ரேமை எடுத்து, தங்க நிறத் தொடுமுனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, தூளை ஊதி நீக்கி, மறுபடி க்ளிக் சத்தம் வரும் வரை அழுத்திச் செருகுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் முனைகளில் படியும் மெல்லிய கறையே பல நேரங்களில் காரணம். அதற்குப் பிறகும் பிழை வந்தால், இரண்டு ரேம் இருக்கும்போது ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போட்டு, இரண்டு ஸ்லாட்டிலும் சோதியுங்கள். எந்த ரேமைப் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில் மட்டும் பிழை வந்தால் பழுது மதர்போர்டில்.

ரேம் தேறிவிட்டால் டிஸ்க். லைவ் மின்டில் "டிஸ்க்ஸ்" என்ற மென்பொருளைத் திறந்து, இடப்பக்கம் டிஸ்கைத் தேர்ந்தெடுத்து, மெனுவில் "ஸ்மார்ட் டேட்டா" (டிஸ்க் தன் நிலை பற்றி வைத்திருக்கும் பதிவு) போங்கள். பார்க்க வேண்டியவை நான்கு எண்கள். 5-ஆம் எண், மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள் (டிஸ்கின் சிறு கூறுகள்). 197, படிக்க முடியாமல் காத்திருப்பவை. 198, சரிசெய்ய முடியாதவை. 199, கேபிள் வழியில் நேர்ந்த பிழைகள். 197-உம் 198-உம் பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த டிஸ்கை நம்பி எதையும் போடாதீர்கள். 199 மட்டும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்கில் பழுதில்லை, சாட்டா கேபிளை மாற்றுங்கள்.

டிஸ்க் தேறாவிட்டால் 120 அல்லது 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி வாங்கிப் போடுவது பழைய கணினிக்குச் செய்யும் மிகச் சிறந்த செலவு. வேகத்தில் வரும் மாற்றம் வேறெதிலும் வராது. பழைய லேப்டாப்பில் டிஸ்க் அறை 9.5 மிமீ உயரத்துக்கு அளவெடுத்தது, எஸ்எஸ்டி 7 மிமீ. இடைவெளிக்குத் தகடு வைக்காவிட்டால் கனெக்டர் ஆடி, பாதியில் டிஸ்க் காணாமல் போகும். வியா விடி8237 வகைச் சிப் உள்ள மிகப் பழைய போர்டுகள், தம்மைவிட வேகமான சாட்டா டிஸ்கோடு பேச்சுவார்த்தையே தொடங்காது. பழைய ஹார்ட் டிஸ்கில் 1.5 ஜிகாபிட்டுக்குக் குறைக்க ஜம்பர் இருந்தது, எஸ்எஸ்டியில் அது கிடையாது. அந்தப் போர்டில் எஸ்எஸ்டிக்குச் செலவு செய்யாதீர்கள்.

மூன்றாவது சூடு. எந்தச் செய்தியும் இல்லாமல் சட்டென்று அணைந்தால் சூடோ மின்சாரமோதான். கோப்புகளை விரிக்கும்போது சிப் முழு வேகத்தில் ஓடுகிறது. பத்து ஆண்டுத் தூசி அடைத்த விசிறியால் அதைத் தாங்க முடியாது. ஹீட் சிங்க்கின் துடுப்புகளுக்கும் விசிறிக்கும் நடுவே தூசி கம்பளிபோல் படிந்திருக்கும். வெளியே இருந்து ஊதினால் போகாது, விசிறியைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். காய்ந்துபோன பழைய தெர்மல் பேஸ்ட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பட்டாணி அளவுக்கும் குறைவாகப் புதியது வையுங்கள். டெஸ்க்டாப் என்றால் கப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இல்லாமல் உப்பியிருந்தால் போர்டே பழுதாகியிருக்கிறது, மென்பொருளால் ஆவது எதுவும் இல்லை.

லேப்டாப் பேட்டரி செத்திருந்தால், நிறுவும் நேரத்தில் கரன்ட் போனால் எல்லாம் போச்சு. யூபிஎஸ் இருக்கும் இடத்தில் வைத்துச் செய்யுங்கள். 90 வாட் கேட்கும் லேப்டாப்புக்கு 65 வாட் அடாப்டர் மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

டிஸ்க் தெரியவில்லை என்றால்

முதல் கேள்வி: பயாஸில் டிஸ்கின் பெயர் வருகிறதா? வராவிட்டால் கேபிள், கனெக்டர், டிஸ்க் ஆகியவற்றில் ஒன்று. மின்டில் தேடிப் பயனில்லை.

பயாஸில் வருகிறது, நிறுவியில் வரவில்லை என்றால் சாட்டா முறையைப் பாருங்கள். ஐடிஇ, ஏஹெச்சிஐ, ரெய்டு என்று மூன்றில் ஒன்று இருக்கும். மின்டுக்கு ஏஹெச்சிஐ வையுங்கள். அதே டிஸ்கில் விண்டோஸையும் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் கவனிக்க: இதை மாற்றியதும் விண்டோஸ் நீலத் திரை காட்டலாம். மாற்றுவதற்கு முன் விண்டோஸை அடுத்த பூட்டில் சேஃப் மோடில் வரும்படி அமைத்து, ஏஹெச்சிஐக்கு மாற்றி, சேஃப் மோடில் ஒரு முறை போய் வந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

முறை சரியாக இருந்தும் தெரியாவிட்டால், அந்த டிஸ்க் எப்போதோ ரெய்டில் இருந்திருக்கும். அதன் அடையாளம் டிஸ்கின் கடைசிப் பகுதியில் எழுதப்பட்டிருப்பதால், பார்ட்டிஷன்களை அழித்தாலும் ஃபார்மேட் செய்தாலும் போகாது. இன்டெல் போர்டுகளில் பயாஸில் ரெய்டைத் தற்காலிகமாகப் போட்டு, பூட் ஆகும்போது கன்ட்ரோல் கீயோடு ஆங்கில "ஐ" (I) அழுத்தினால் ஒரு மெனு திறக்கும். அதில் "ரீசெட் டிஸ்க்ஸ் டு நான்-ரெய்டு" கொடுத்து, மறுபடி ஏஹெச்சிஐக்கு வாருங்கள். அந்த மெனு இல்லாத கணினியில், "டிஸ்க்ஸ்" மென்பொருளில் முழு டிஸ்கையும் பூஜ்யத்தால் நிரப்பும் ஃபார்மேட் கொடுக்கலாம். மணிக்கணக்கில் ஆகும், டிஸ்கில் இருப்பது எல்லாம் போய்விடும்.

பார்ட்டிஷனும் பூட் முறையும்

கடைசிக் கட்டத் தோல்விகளில் பெரும்பாலானவை இங்கே பிறக்கின்றன. பென் டிரைவ் எந்த முறையில் பூட் ஆனதோ, அதே முறைக்குத்தான் நிறுவி க்ரப்பை எழுதும். அதனால் முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள். லைவில் கோப்பு மேலாளரைத் திறந்து "ஃபைல் சிஸ்டம்", அதற்குள் "சிஸ்", அதற்குள் "ஃபர்ம்வேர்" போங்கள். அங்கே "இஎஃப்ஐ" என்ற ஃபோல்டர் இருந்தால் யூஇஎஃப்ஐ முறை. இல்லையென்றால் பயாஸ் முறை.

பயாஸ் முறைக்கு எம்பிஆர் பார்ட்டிஷன் டேபிள் பொருத்தம். ஜிபார்ட்டடில் இதன் பெயர் எம்எஸ்டாஸ். 2 டிபி வரையிலான டிஸ்குகளுக்கு இது போதும். டிஸ்கில் ஜிபிடி என்ற புதிய வகை டேபிள் இருந்து பயாஸ் முறையில் பூட் செய்ய வேண்டுமானால், தொடக்கத்தில் ஃபார்மேட் செய்யாத 1 எம்பி பார்ட்டிஷன் ஒன்றை உருவாக்கி அதற்கு "பயாஸ்_க்ரப்" என்ற கொடியை வைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் க்ரப் கட்டாயம் தோற்கும். யூஇஎஃப்ஐ முறைக்கு ஜிபிடி டேபிளும், ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்த 512 எம்பி இஎஃப்ஐ பார்ட்டிஷனும் வேண்டும்.

2010 முதல் 2012 வரை வந்த கணினிகளில் யூஇஎஃப்ஐ அரைகுறையாக இருக்கும். விண்டோஸின் பூட் கோப்பைத் தவிர வேறெதையும் ஏற்காதவையும் உண்டு. டிஸ்க் 2 டிபிக்குள் இருந்து விண்டோஸ் தேவையில்லை என்றால், பயாஸில் "லெகஸி" அல்லது "சிஎஸ்எம்" தேர்ந்தெடுத்து, எம்பிஆர் டேபிளோடு போடுங்கள். எங்கள் கருத்தில் அந்தக் காலக் கணினிக்கு இதைவிட நிம்மதியான வழி இல்லை. ஜிபார்ட்டடில் "டிவைஸ்" மெனுவில் எம்எஸ்டாஸ் பார்ட்டிஷன் டேபிள் உருவாக்கிவிட்டு (ஸ்வாப் பார்ட்டிஷன் வேண்டுமானால் அதற்குப் பிறகு உருவாக்குங்கள்), நிறுவியில் "சம்திங் எல்ஸ்" என்ற கையால் பிரிக்கும் வழியில் போடுங்கள்; முழு டிஸ்கையும் அழித்து நிறுவும் முதல் தேர்வு இந்த டேபிளையும் ஸ்வாப்பையும் அழித்துவிடும். எல்விஎம், என்கிரிப்ஷன் இரண்டையும் டிக் செய்யாதீர்கள். கோர் 2 சிப்களில் என்கிரிப்ஷனை வேகப்படுத்தும் வன்பொருள் இல்லாததால் டிஸ்க் மந்தமாகிவிடும்.

விண்டோஸை வைத்துக்கொண்டு பக்கத்தில் போடுபவர்களுக்கு மூன்று சிக்கல்கள் வரும்.

எம்பிஆரில் நான்கு பிரைமரி பார்ட்டிஷன்களுக்கு மேல் இடமில்லை. அந்தக் கால லேப்டாப்புகளில் ரிகவரி, சிஸ்டம், சி, டி என்று நான்கும் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். இடம் காலியாக இருந்தும் நிறுவி "அன்யூசபிள்" என்று காட்டினால் காரணம் இதுதான். டி டிரைவில் இருப்பதை வெளியே எடுத்து, அதை நீக்கி, அந்த இடத்தில் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் உருவாக்குங்கள்.

அடுத்தது, விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் பிரித்த டிஸ்குகளில் முதல் பார்ட்டிஷன் 63-ஆம் செக்டரிலேயே தொடங்கிவிடும். அதற்கு முன்னால் மிஞ்சுவது ஏறத்தாழ 31 கேபி, க்ரப்புக்குப் போதாமல் போகலாம். "எம்பெடிங் ஏரியா" சிறிதாக இருப்பதாகச் செய்தி வந்தால், ஜிபார்ட்டடில் அந்தப் பார்ட்டிஷனை 1 எம்பி தள்ளித் தொடங்கும்படி நகர்த்துங்கள். நகர்த்துவதற்கு முன் பேக்கப் கட்டாயம், நடுவில் கரன்ட் போனால் மீட்க முடியாது.

மூன்றாவது, "சம்திங் எல்ஸ்" வழியில் கையால் பிரிக்கும்போது, கீழே க்ரப் எந்த டிஸ்குக்குப் போக வேண்டும் என்று கேட்கும் பெட்டி. சில கணினிகளில் பென் டிரைவ்தான் எஸ்டிஏ, ஹார்ட் டிஸ்க் எஸ்டிபி. பெயரை நம்பாமல் ஜிபி அளவைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பென் டிரைவ் செருகியிருந்தால் மட்டும் மின்ட் பூட் ஆகிறது, எடுத்தால் வருவதில்லை என்றால், க்ரப் பென் டிரைவில் எழுதப்பட்டுவிட்டது.

நெட் இல்லாமல் போடுங்கள்

நிறுவும்போது வைஃபையை இணைக்காதீர்கள். மல்ட்டிமீடியா கோடெக்குகளுக்கான டிக்கையும் எடுத்துவிடுங்கள். பலவீனமான நெட்டில் டவுன்லோடு தொங்கினால் நிறுவியும் தொங்கும், பிறகு ஒரே சொடுக்கில் போட்டுக்கொள்ளலாம். பழைய பிராட்காம் வைஃபைக்கு டிரைவர் தேவைப்பட்டால், போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டு, டிரைவர் மேனேஜரில் நிறுவுங்கள்.

முடிந்தும் பூட் ஆகவில்லை என்றால்

கடைசியில் "பென் டிரைவை எடுத்துவிட்டு என்டர் தட்டவும்" என்ற செய்தியோடு கணினி உறைந்துபோவது பழைய கணினிகளில் சகஜம். பயப்பட வேண்டாம், நிறுவல் முடிந்துவிட்டது. பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து அணைத்து, பென் டிரைவை எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

"நோ பூட்டபிள் டிவைஸ்" என்று வந்தால், பூட் கொடி இல்லாத எம்பிஆர் டிஸ்கைச் சில பழைய பயாஸ்கள் ஏற்காது என்பதை நினைவில் கொள்ளுங்கள். லைவில் போய் ஜிபார்ட்டடில் மின்ட் பார்ட்டிஷனுக்கு "பூட்" கொடி வையுங்கள். அதிலும் வராவிட்டால், லைவ் மின்டின் மெனுவிலேயே "பூட் ரிப்பேர்" இருக்கிறது. கணினியை நிறுவிய அதே முறையில், பயாஸ் என்றால் பயாஸில், பூட் செய்துவிட்டு அதை ஓட்டுங்கள். முறை மாறினால் அது வேறு வகைக் க்ரப்பை எழுத முயன்று குழப்பிவிடும்.

காரணம் இன்னும் பிடிபடவில்லை என்றால், மறுமுறை நிறுவும்போது பக்கத்திலேயே "லாக்ஸ்" மென்பொருளைத் திறந்துவையுங்கள். "ஐ/ஓ எரர்" என்ற வரியில் ஹார்ட் டிஸ்கின் பெயர் வந்தால் டிஸ்க், பென் டிரைவின் பெயர் வந்தால் அந்த டிரைவ். "ஸ்குவாஷ்எஃப்எஸ்" என்று திரும்பத் திரும்ப வந்தால் ஐஎஸ்ஓ படிக்கப்படுவதில் கோளாறு. "அவுட் ஆஃப் மெமரி" என்றால் ரேம் போதவில்லை.

பயனர் கணக்கு உருவாக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கீபோர்டாகத் தமிழ்99-ஐத் தேர்ந்தெடுத்துவிட்டால், கடவுச்சொல் தமிழ் எழுத்துகளில் பதிவாகிவிடும், பிறகு லாகின் திரையில் உள்ளே போக முடியாமல் திண்டாட நேரும். நிறுவும்போது ஆங்கிலக் கீபோர்டையே வையுங்கள், பயனர் பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் கொடுங்கள். உள்ளே நுழைந்து அப்டேட்களை முடித்த பிறகு, கீபோர்டு அமைப்பில் தமிழ்99-ஐ இரண்டாவதாகச் சேர்த்து, மாற்றுவதற்கு ஒரு கீயை ஒதுக்கிக்கொள்ளலாம்.